லோகோவை இப்போது தொடாதே, சின்னு

அன்புள்ள சின்னு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அட்மிஷன் நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் போனைக் கீழே வைக்க முடியாது, இந்த ஞாயிறுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்குள் நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பெரியவன் பிளஸ் டூ முடித்துவிட்டு விலங்கியல்தான் படிப்பேன் என்று நிற்கிறான். இவருக்குக் கொஞ்சம் வருத்தம், எனக்கு இல்லை.

அப்புறம் நீ எழுதிய பெரிய செய்தி. வகுப்பெடுத்துக்கொண்டிருந்த உன்னைக் கூப்பிட்டு, பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பையும் 'பிராண்டிங்'கையும் நீயே பார்த்துக்கொள் என்று கூடுதல் பொறுப்பு கொடுத்துவிட்டார்கள், முதல் வேலையாகப் புது லோகோ போடச் சொல்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். பதினொரு வருஷம் இந்த வேலையில் இருப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன், லோகோவை இப்போது தொடாதே.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 2012-ல் நடந்ததை உன் துணைவேந்தரிடம் எடுத்துச் சொல். அவர்களுடைய பழைய முத்திரையில் திறந்த புத்தகமும் 1868 என்ற ஆண்டும் 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்ற பைபிள் வாசகமும் இருக்கும். விளம்பரங்களில் போட எளிமையாக ஒன்று வேண்டும் என்று புது லோகோ செய்தார்கள். பட்டச் சான்றிதழில் பழைய முத்திரைதான் இருக்கும் என்று அலுவலகம் சொல்லித்தான் பார்த்தது, யார் காதிலும் ஏறவில்லை. எதிர்த்து ஐம்பதாயிரத்துக்கும் மேல் கையெழுத்து, அந்த டிசம்பரிலேயே லோகோவை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து லண்டன் கிங்ஸ் காலேஜ், பெயரிலுள்ள 'காலேஜ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கிங்ஸ் லண்டன்' என்று வெளியில் சொல்லிக்கொள்ளப் போவதாக 2014 டிசம்பரில் அறிவித்தது. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் எதிர்த்ததில் 2015 ஜனவரியில் அதையும் கைவிட்டார்கள். இரண்டு இடத்திலும் டிசைன் செய்தவர்கள் வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் அந்த அடையாளத்தைத் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம் முதலில் போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், எனக்குத் தெரிந்து தவறு அங்கேதான்.

நம் ஊரில் பெயர் மாற்றம் மேலிருந்தே வந்தது, உனக்கும் ஞாபகம் இருக்கும். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, 123 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பெயரிலிருந்து 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கடிதம் அனுப்பியது. எங்கள் பெயரிலும் அது இருந்தது. கேட் வளைவு, பஸ், லெட்டர்பேடு, இணையதள முகவரி, அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாக மாற்றியதைவிட, "அப்போ எம் பொண்ணு டிகிரி செல்லாதா?" என்று அழாத குறையாகக் கேட்ட பெற்றோருக்குப் பதில் சொன்னதுதான் பெரிய வேலை. செல்லும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, பதிவாளர் கையெழுத்துடன் நோட்டீஸ் போர்டில் ஒட்டி, வாட்ஸ்அப்பிலும் அனுப்பிய பிறகுதான் போன் குறைந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் என்பது எத்தனை வீட்டின் கவலை என்று எனக்குப் புரிந்தது அந்த வாரம்தான்.

அதனால் நீ முதலில் செய்ய வேண்டியது, இருக்கிற லோகோவை ஒழுங்குபடுத்துவது. ஒரு நாள் காலையில் போனை எடுத்துக்கொண்டு வளாகம் முழுக்க நடந்து, லோகோ எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் படம் எடு. நான் அப்படி எடுத்தபோது பதினேழு வகை கிடைத்தது. ஒரு பஸ்ஸில் பெயிண்டர் குத்துவிளக்குச் சுடரை இடப்பக்கம் சாய்த்து வரைந்திருந்தார், விடுதி மெஸ் தட்டில் விளக்கே இல்லாமல் வட்டம் மட்டும் இருந்தது, ஒரு துறையின் கருத்தரங்கு ஃப்ளெக்ஸில் அகலத்துக்கு இழுத்ததில் வட்டம் முட்டையாகியிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அவர்கள் கையில் இருந்தது எப்போதோ வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படம், அதைப் பெரிதாக்கினால் அப்படித்தான் வரும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைலை டிசைனரிடம் வாங்கி, திரைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, கறுப்பு வெள்ளைக்கு ஒன்று என்று பிரித்து, எல்லாத் துறைக்கும் ஒரே லிங்க்கில் கொடுத்துவிடு. நிறத்துக்கும் எண் குறித்து வை, 'கரும்பச்சை' என்று மட்டும் சொன்னால் ஒவ்வொரு அச்சகத்திலும் ஒரு பச்சை வரும். அச்சு நிறங்களுக்கு எண் கொடுக்கிற பான்டோன் என்ற முறையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் நீலத்துக்கு 282 என்று எண்ணே உண்டு, அதைச் சொன்னால் எந்த ஊர் அச்சகமும் அதே நீலத்தை எடுக்கும். அப்படியே உங்கள் ஊர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் நாலு பேரை அழைத்து டீ கொடுத்து அந்த ஃபைலை அவர்கள் கம்ப்யூட்டரிலும் போட்டுவிடு. நான் அனுப்பிய மூன்று சுற்றறிக்கையில் நடக்காதது அந்த ஒரு டீயில் நடந்தது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இந்த அலுவலகம் இருப்பதே உள்ளே நடக்கும் நல்ல வேலையை வெளியே இருப்பவர்களுக்குப் புரியும்படி சொல்லத்தான் என்று நான் நம்புகிறேன். எங்கள் வேதியியல் துறையில் ஒரு மேடம், மஞ்சள்தூளில் நிறத்துக்காகக் கலக்கிற லெட் குரோமேட்டைக் கண்டறிவது பற்றி வேலை செய்கிறார். ஈயம் கலந்த பொருள் அது, வீட்டில் தினமும் குழம்பில் விழுகிற தூளில் அது இருந்தால் குழந்தைகளுக்கு எவ்வளவு கெடுதல் என்று யோசித்துப் பார். அவர் அனுப்பிய ஒன்றரைப் பக்கக் குறிப்பில் ஏழாவது வரியில்தான் 'மஞ்சள்' என்ற சொல்லே வந்தது. நேரில் போய் ஆய்வகத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மேடம், இதை உங்க அம்மாவுக்கு எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடையில வாங்குற மஞ்சள்தூள்ல ஈயம் இருக்கான்னு சீக்கிரமா பார்க்க ஒரு வழி தேடுறோம்மா, அப்படின்னு சொல்வேன்" என்றார். அதுவே செய்திக் குறிப்பின் முதல் வரி.

மேலே அனுப்பியபோது 'உலகிலேயே முதன்முறையாக' என்று சேர்க்கச் சொன்னார்கள். மேடத்திடம் கேட்டேன், இல்லை, வேறு இடங்களிலும் செய்கிறார்கள் என்றார். நான் அதைப் போடவில்லை. கூப்பிட்டுக் கேட்டார்கள், நின்று பதில் சொன்னேன். சின்னு, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஒரு முறை பொய்யான 'முதன்முறை'யை நம்பிப் போட்டு, மறுநாள் ஆசிரியரிடம் திட்டு வாங்கிய நிருபர் அடுத்த தடவை நீ அனுப்பும் மெயிலைத் திறக்க மாட்டார். அந்தச் செய்தி உள்பக்கத்தில் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அடுத்த வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் வியாபாரி கூப்பிட்டு, எங்கள் சரக்கைக் கொண்டுவந்து சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மேடத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

கெட்ட நாளும் வரும், அதற்கும் தயாராக இரு. எங்கள் விடுதியில் ஒரு இரவு சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பிள்ளைகள் பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒன்பது மணிக்கெல்லாம் உயிர்ச்சேதம் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. எதுவும் சொல்ல வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் பேசினார்கள். நான் வார்டில் போய் எண்ணிக்கொண்டு வந்து, எத்தனை பேர், எந்த மருத்துவமனை, எல்லோரும் நினைவுடன் இருக்கிறார்கள், பெற்றோர் கூப்பிட வேண்டிய எண் இது என்று நாலு வரி எழுதிப் பதிவாளரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பச் சொன்னார், மெஸ்ஸில் தவறு நடந்ததா என்று விசாரிப்பதாக ஐந்தாவது வரியையும் அவரே சேர்த்தார். நான் பார்த்தவரை எங்கள் பல்கலைக்கழகத்தின் மேல் ஊர் வைத்திருக்கிற மதிப்பில் ஒரு பங்கு அந்த ஐந்து வரியில் வந்தது.

கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு போடுகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை பற்றியும் கேட்டிருந்தாய். அதில் 'பெர்செப்ஷன்', அதாவது வெளியே இருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற பிரிவுக்குப் பத்து விழுக்காடு உண்டு, அதைக் காட்டி உன்னை நெருக்குவார்கள். மற்ற தொண்ணூறில் பெரும்பகுதி வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் வேலைவாய்ப்பிலும் இருக்கிறது, அது இல்லாமல் நீ ரீல்ஸ் போட்டு ஒன்றும் ஆகாது என்று மரியாதையாகச் சொல்லிவிடு.

உங்களிடம் சமுதாய வானொலி இருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கிய அண்ணா எஃப்.எம்.தான் நாட்டிலேயே முதல் வளாகச் சமுதாய வானொலி. பக்கத்துக் குடியிருப்புப் பெண்களே அதில் நிகழ்ச்சி செய்திருக்கிறார்கள். சுற்றியுள்ள மக்கள் மதில் சுவருக்கு வெளியே நின்று பார்க்கிற இடமாக இல்லாமல், தங்கள் குரல் கேட்கிற இடமாகப் பல்கலைக்கழகத்தை நினைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு வானொலி வந்தால் நானே இணையத்தில் தினமும் கேட்பேன்.

விடுதியில் நாம் இருவரும் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் இரண்டு இதழ் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மெஸ் இட்லி கல்லாக இருக்கிறது என்று நீ எழுதியதை வார்டன் கிழிக்கச் சொன்னதும், நீ கிழிக்காமல் இட்லியை எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்ததும் ஞாபகம் இருக்கிறதா? உன்னிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று படித்தபோது எனக்கு அந்த இட்லிதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் லோகோ விதிமுறைக் கையேட்டையும் பழைய செய்திக் குறிப்புகள் சிலவற்றையும் நாளை கூரியரில் அனுப்புகிறேன். நீ நடந்து எடுத்த படங்களை எனக்கு அனுப்பு, எத்தனை வகை என்று சேர்ந்து எண்ணலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல், படி ஏற வேண்டாம் என்றும் சொல்.

அன்புடன்,
உன் ரூம்மேட்