சீனுவுக்கு

அன்புள்ள சீனு,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டிக்கொள். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாத்தியார் இன்னும் அதே சைக்கிளில்தான் போகிறார். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

இரண்டு வாரமாக ஓர் ஆபரா, அதாவது வசனத்தைப் பாடியே நடிக்கும் மேல்நாட்டு இசைநாடகம், என்னைத் தூங்கவிடவில்லை. சிரிக்காதே. இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் 'தங்க்ரேதி'. 1813 பிப்ரவரி 6 அன்று வெனிஸில், லா ஃபெனிச்சே அரங்கில் முதல் ஆட்டம். அப்போது ரொசினிக்கு 21 வயதுகூட நிறையவில்லை. அந்த வயதில் நாம் என்ன கிழித்தோம் என்பது உனக்கே தெரியும். பாடகிகளுக்கு உடம்பு சரியில்லாமல் முதல் இரண்டு இரவும் பாதியிலேயே நின்றுபோனது. அப்புறம்தான் முழுசாகப் போட்டார்கள்.

கதை சிசிலித் தீவின் சிரக்கூஸில் நடக்கிறது. நாடு கடத்தப்பட்ட வீரன் தங்க்ரேதிக்கு அவன் காதலி அமெனாயிதே ஒரு கடிதம் அனுப்புகிறாள், பெயர் போடாமல். அது எதிரிப் படைத்தலைவனுக்கு எழுதியது என்று முடிவு கட்டி அவளுக்கு மரண தண்டனை விதிக்கிறார்கள். தங்க்ரேதியும் அப்படித்தான் நம்புகிறான். நம்பிக்கொண்டே அவளுக்காக வாளெடுத்துச் சண்டை போட்டுக் காப்பாற்றுகிறான். (உன் பெயரை மேலே கொட்டை எழுத்தில் போட்டது ஏன் என்று புரிகிறதா?) இவ்வளவு பெரிய வீரனைப் பாடுவது பெண்குரல், ராஜபார்ட் கட்டிய பெண்.

அவன் கரை இறங்கியதும் பாடும் 'தி தாந்தி பல்பிதி'யை ஐரோப்பாவே முணுமுணுத்தது. சாதம் வேகும் நேரத்தில் ரொசினி அதை எழுதி முடித்தார் என்று ஒரு கதை உண்டு. அதனால் அதற்கு 'அரிசிப் பாட்டு' என்று பட்டப்பெயர். நான் சும்மா இருப்பேனா? குக்கரை ஏற்றிவிட்டுப் போட்டுக் கேட்டேன். மூன்றாவது விசிலுக்கு முன்பே முடிந்துவிட்டது. இரண்டாம் தரம் கேட்டதில் சாதம் குழைந்துபோனது.

சரி, தூக்கம் கெட்டது இதனால் இல்லை. வெனிஸில் முடிவு சுபம். மூலமான, பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரின் நாடகத்திலோ தங்க்ரேதி செத்துப்போகிறான். அடுத்த மாதமே இத்தாலியின் ஃபெராரா நகரத்தில் போட்டபோது, ரொசினி அந்தச் சாவையே இசையமைத்தார். வரிகள் லூயிஜி லெக்கி எழுதியவை. அதைக் கேட்க வேண்டும் நீ! ஆர்ப்பாட்டமே கிடையாது. மூச்சு வாங்குகிறவன் பேசுவது போல வரிகள் துண்டு துண்டாக வருகின்றன. கீழே வயலின்கள் நடுங்கி, சன்னமாகி, ஓய்ந்துவிடுகின்றன. முடிந்தது தெரியாமல் நான் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தேன்.

ஃபெராரா ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி சுபத்தையே ஒட்டவைத்துவிட்டார் மனுஷன். நாளடைவில் ஆபராவே மேடையிலிருந்து மறைந்தது. 1952ல் ஃப்ளாரன்ஸில் மீண்டும் போட்டார்கள். அப்போதும் இந்தப் பக்கங்கள் லெக்கி குடும்பத்துக் காகிதங்களுக்குள்தான் கிடந்தன. 1970களில்தான் வெளியே வந்தன. இசை ஆய்வாளர் பிலிப் காஸெட் பதிப்பிக்க, 1977ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பாடகி மர்லின் ஹார்ன் பாடினார். 164 வருஷம், சீனு!

ரொசினி மேல் முதலில் எனக்குக் கோபம்தான். இப்போது இல்லை. அந்த வயதில், கைதட்டாத கூட்டத்தின் முன்னால் யார்தான் நிற்பார்கள்? நான் யோசிப்பது லெக்கி வீட்டுக்காரர்களைப் பற்றி. எத்தனை முறை வெள்ளையடித்திருப்பார்கள், எத்தனை முறை அலமாரியை ஒழித்திருப்பார்கள்! அந்தக் காகிதக் கட்டை யாரும் எடைக்குப் போடவில்லையே.

உன் படித்துறைக் கதை ஞாபகம் இருக்கிறதா? பத்திரிகையில் கேட்டார்கள் என்று அந்தப் பெண்ணைக் கடைசியில் வீட்டுக்குத் திரும்பி வரவைத்தாய். முதலில் எழுதிய முடிவு, பச்சை மையில் ஏழு பக்கம், தொலைந்துவிட்டது என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். தொலையவில்லை. நீ அறையைக் காலி செய்த அன்று நான்தான் எடுத்துவந்தேன். சொன்னால் வாங்கிக் கிழித்துவிடுவாய் என்று பயம்.

ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன். அசலைக் கேட்காதே, தரமாட்டேன்.

உன்,
மணி