உயர்நிலை 3இல் வெல்டிங்கும் வேண்டும்: கல்வி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சில் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு வணக்கம்.

நான் கப்பல் பட்டறையில் 38 ஆண்டு வெல்டிங் வேலை பார்த்து, போர்மனாக ஓய்வு பெற்றவன். அப்பா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1968இல் அது கப்பல் பட்டறையாக மாறிய பிறகும் அங்கேயே இருந்தார். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மதிப்பெண் என்னவாக இருந்தாலும் சரி, ஆசைப்படுகிற பிள்ளை உயர்நிலை 3இல் ஒரு பருவம் வெல்டிங் கற்க வழி செய்யுங்கள்.

போன பள்ளி விடுமுறையில் என் பேத்தியை நண்பரின் பட்டறைக்கு அழைத்துப் போனேன். 3.2 மில்லிமீட்டர் தடிமனில் 6013 என்ற வகை வெல்டிங் ராடு, மின்சாரம் 110 ஆம்பியர். முதல் நான்கு தடவையும் ராடு பிளேட்டில் ஒட்டிக்கொண்டது. யாருக்கும் அப்படித்தான். ராடுக்கும் பிளேட்டுக்கும் ராடின் தடிமன் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். ராடு எரிந்து குறையக் குறையக் கையும் இறங்க வேண்டும். வெளிச்சத்தைப் பார்க்காதே, பின்னால் உருகி நிற்கிற குளத்தைப் பார் என்றேன். ஐந்தாவது தடவை, எண்ணெயில் வடை வேகிற மாதிரி சீராகச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்தால் கை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். மேலே படிந்த கசடைத் தட்டியதும் அது நீளமாக உரிந்து வந்தது. அடியில் சின்னச் சின்ன அலையாய், உருகி இறுகிய ஒரு வெல்டு கோடு.

பிளேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது ஏன் வளைஞ்சிருச்சு?" என்றாள். சூடான பக்கம் ஆறும்போது சுருங்கி இழுக்கிறது. உலோகம் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும் என்று அறிவியல் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான். அது ஒரு இரும்புத் தகட்டையே வளைக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

நான் படித்த காலத்தில் இது புதுமையே இல்லை. 1969 முதல் உயர்நிலை 1, 2 வகுப்புகளில் எல்லா ஆண் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் தொழில்நுட்பப் பாடம் கட்டாயம். நாடே தொழிற்சாலைகளை நம்பி நின்ற நேரம் அது. அப்புறம் மெல்ல மெல்ல, கையால் செய்கிற வேலை என்றால் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டது. 2013இல் கிரெஸ்ட், 2014இல் ஸ்பெக்ட்ரா உயர்நிலைப் பள்ளிகள் செய்முறைப் பயிற்சியோடு தொடங்கியபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் அவையும் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்காகத்தான். தொழில்நுட்பக் கல்விக் கழகமான ஐடிஇயின் மூன்று ஆங்கில எழுத்துகளை 'இட்ஸ் தி எண்ட்', அதாவது 'அத்தோடு எல்லாம் முடிந்தது' என்று விரித்துக் கேலி பேசியதை நம் பிள்ளைகள் எத்தனை ஆண்டு கேட்டார்கள்! என் மகனிடமே ஓர் ஆசிரியர், "ஒழுங்காப் படிக்கலேன்னா அப்பா மாதிரி வெல்டிங்தான்" என்றார். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

இப்போது நீங்களே அந்தச் சுவரை இடித்திருக்கிறீர்கள். 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்கள் தொடங்கி விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவு கிடையாது. ஜி1, ஜி2, ஜி3 என்று வெவ்வேறு கடினநிலைகளில் பாடங்களை எடுக்கிறவர்கள் ஒரே வகுப்பில் கலந்து உட்காருகிறார்கள். 2027 முதல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ். அப்படியானால் பட்டறையிலும் அவர்கள் கலந்து நிற்கட்டுமே.

பெற்றோர் பயப்படுவது நியாயம். வெல்டிங் செய்யும்போது எழுகிற ஆர்க் வெளிச்சம் கண்ணில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. நடு இரவில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். எனக்கு நடந்திருக்கிறது. அதனால்தான் 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை. நைலான் கூடவே கூடாது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புகையை இழுக்கும் குழாய் வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பைப் பிள்ளைகள் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஓர் ஆசிரியருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

பள்ளிக்குப் பள்ளி பட்டறை கட்டச் சொல்லவில்லை. அங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் என்று தீவின் மூன்று பக்கமும் ஐடிஇ கல்லூரிகள் இருக்கின்றன. வாரம் ஒரு பிற்பகல், பத்து வாரம் போதும். அதில் யாரும் வெல்டர் ஆகிவிட முடியாது. 45 பாகை சாய்த்து வைத்த குழாயைத் திருப்பாமல் சுற்றி வெல்டு செய்கிற 6ஜி தேர்வுக்கு வர ஆண்டுக்கணக்கில் கை பழக வேண்டும். என்னிடம் வேலை செய்த திருச்சி, புதுக்கோட்டைத் தம்பிகள் அந்தத் தேர்வுக்காக ஊரில் கடன் வாங்கிப் பயிற்சி எடுத்து வந்தவர்கள். அவர்கள் வேலையின் அருமை, பத்து வாரம் ராடு பிடித்த பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே புரியும்.

ஒரு பள்ளியில் தொடங்கிப் பாருங்கள். முதல் வகுப்புக்கு நான் சம்பளம் இல்லாமல் வருகிறேன். ராடு ஒட்டிக்கொண்டால் எப்படி முறுக்கி எடுப்பது என்று பக்கத்தில் நின்று காட்ட ஓர் ஆள் வேண்டுமல்லவா.

அன்புடன்,
யீஷூனிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வெல்டிங் போர்மன்