செயலாளரின் ஆண்டறிக்கை: சமரசப் பணியும் அதன் தடைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் வழக்குரைஞர்கள், சமரசர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நடுநிலையான சமரசர் ஒருவரின் உதவியோடு இரு தரப்பும் தாமே பேசித் தீர்வு காணும் சமரசப் பணி எங்கே தடைபடுகிறது என்பதைப் பற்றியே நான் இங்கு பேச விரும்புகிறேன்.

வழக்குகளைச் சமரசம் போன்ற வழிகளுக்கு நீதிமன்றம் அனுப்ப இடமளிக்கும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு 2002 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் அளித்த தீர்ப்பு அதற்கு வழிகாட்டியது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியது. இவ்வளவு முன்னதாகவே தொடங்கிய தமிழ்நாட்டில் இன்றும் பல வழக்குகள் சமரசத்துக்குப் போய், ‘தீர்வு எட்டப்படவில்லை’ என்ற ஒரு வரியோடு திரும்புவது எனக்கு வேதனை தருகிறது.

முதல் காரணம், முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர் வருவதில்லை. விபத்து இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் வருபவர் “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்” என்கிறார். அடுத்த அமர்விலும் அதே பதில்தான். அரசுத் துறைகளின் நிலை இதைவிடக் கடினம். நீதிமன்றத்தில் தோற்றால் அதிகாரியை யாரும் குறை சொல்வதில்லை. சமரசத்தில் கையெழுத்திட்டால் நாளை தணிக்கையில் கேள்வி வரும். அந்த அச்சத்தைத் தனி மனிதரின் பிடிவாதம் என்று நாம் ஒதுக்க முடியாது. எவ்வளவு தொகை வரை ஒப்புக்கொள்ளலாம் என்ற எழுத்துப்பூர்வமான அனுமதியை அமர்வுக்கு முன்பே கேட்டுப் பெறுவதுதான் வழி.

அடுத்தது, அனுப்பும் காலம். உரிமையியல் வழக்குகளில் இரு தரப்பும் எழுத்தில் தரும் வாதவுரைகள் முடிந்ததும், எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டிய கேள்விகள்) வனையப்படுமுன் அனுப்புவது பொருத்தம் என்று 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்ப வழக்குகளில் எதிர்த்தரப்பு மறுப்புரை தாக்கல் செய்யும் முன்பே அனுப்புவது நல்லது என்றும் சொன்னது. காரணம் நம் அனைவருக்கும் தெரியும்: நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பத்திரத்தில் ஒருமுறை எழுதிவிட்ட பழிச்சொல்லைப் பிறகு எந்தச் சமரசராலும் எளிதில் அழிக்க முடியாது. ஆனால் நடைமுறையில் குறுக்கு விசாரணையெல்லாம் முடிந்து இரு தரப்பும் களைத்துப்போன பிறகும் வழக்குகள் வருகின்றன.

வழக்கு சீக்கிரம் முடிந்தால் வருமானம் போய்விடும் என்ற கவலை இளைய வழக்குரைஞர்களுக்கு இருக்கிறது. அது நியாயமான கவலை. சமரச அமர்வுக்கென்று தனிக் கட்டணத்தைக் கட்சிக்காரரிடம் முன்பே பேசிக்கொள்வது முறை என்பது என் கருத்து. நீதிமன்றத்துக்கு வெளியே தாமாகவே தீர்த்துக்கொண்டவர்களுக்கும் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கட்சிக்காரர் பலருக்கு இது தெரியவில்லை. நாமே சொல்ல வேண்டும்.

கிராமப்புறங்களில் சமரசம் என்றதும் கட்டப்பஞ்சாயத்தை நினைத்து அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இடமிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் முன் வாய் திறக்க முடியாத பெண்ணிடம் பெறும் ‘சம்மதம்’ சம்மதமே அல்ல. வன்முறை நடந்திருக்கும் வீட்டு விவகாரங்களில் இரு தரப்பையும் தனித்தனியே கேட்க வேண்டும். மிரட்டல் தெரிந்தால் அமர்வை அங்கேயே நிறுத்த வேண்டும். இதில் சங்கம் தளரக் கூடாது. 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டம், ஒரு பகுதி மக்களின் அமைதியைப் பாதிக்கும் தகராறுகளுக்கான சமூக சமரசத்துக்கு இடம் தந்திருக்கிறது. ஆனால் அவ்வகை ஒப்பந்தத்தை நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்ற முடியாது. இதை மறைக்காமல் மக்களிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

சமரச ஒப்பந்தங்களை எளிய தமிழில் எழுதச் சங்கம் அளித்த பயிற்சி நல்ல வரவேற்பைப் பெற்றது. வரும் ஆண்டும் தொடரும். அதிகாரம் பெற்ற அலுவலரை அனுப்புமாறு துறைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதும் தீர்மானத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. அதை நிறைவேற்றித் தருமாறும், இவ்வறிக்கையை ஏற்குமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.