பூங்காவில் டென்னிஸ்: ஒரு கோர்ட்டும் ஒரு சுவரும் போதும்

மதிப்பிற்குரிய எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கும், பூங்காவுக்குத் தினமும் வரும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

பூங்காவில் இரண்டு டென்னிஸ் கோர்ட் கட்டித் தரச் சொல்லி எங்கள் குடியிருப்போர் கொடுத்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போன வாரம் நாடாவை எடுத்துப் போய் இடத்தை அளந்தேன். அப்புறம்தான் மனுவில் ஒன்றைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு கோர்ட் போதும். மிச்ச இடத்தில் ஒரு சுவர் எழுப்பிக் கொடுங்கள்.

கோடுகளுக்குள் ஒரு கோர்ட் 78 அடி நீளம், 36 அடி அகலம்தான். ஓடி ஆடச் சுற்றிலும் இடம் விட்டால் 120-க்கு 60 ஆகிவிடும். 7,200 சதுர அடி, நம் சென்னைக் கணக்கில் சரியாக மூன்று கிரவுண்டு. நெடுநாளாகத் தண்ணீர் வராத அந்த நீரூற்றையும் சுற்றியுள்ள சிமென்ட் தரையையும் பெயர்த்தால் அவ்வளவு இடம் கிடைக்கிறது. இரண்டாவது கோர்ட்டுக்கு வேப்ப மரங்கள் இருக்கும் பக்கம்தான் கை வைக்க வேண்டும். திருப்பிப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. கோர்ட் வடக்கு தெற்காக இருந்தால்தான் காலையிலும் மாலையிலும் ஆடுபவர் கண்ணில் வெயில் குத்தாது. நடந்து களைத்த பெரியவர்கள் உட்காரும் நிழலை வெட்டி எங்களுக்கு டென்னிஸ் வேண்டாம்.

சரி, சுவர் எதற்கு? பம்ப் ரூமுக்குப் பின்னால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். பத்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, நரம்பு அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்ட ஒரு பழைய மட்டையோடு, ரோமமெல்லாம் தேய்ந்த பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருப்பாள். சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு. என்னம்மா இது என்று கேட்டேன். "அதான் நெட்டு, அங்கிள்" என்றாள். கையில் இருந்த நாடாவை வைத்துப் பார்த்தேன். மூன்றடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நெட்டின் நடு உயரம் மூன்றடி.

சுவரோடு ஆட ஜோடி வேண்டாம், கோச் வேண்டாம், கட்டணம் வேண்டாம். பத்தடி உயரத்தில் ஒரு சுவர், அதில் ஒரு வெள்ளைக் கோடு, முன்னால் சமமான தரை. 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணனின் ஊர் என்று சென்னையைச் சொல்கிறோம். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் உலக வீரர்கள் வந்து ஆடினார்கள். ஆனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளை காசில்லாமல் மட்டை பிடித்துப் பார்க்க அந்தப் பம்ப் ரூம் சுவரை விட்டால் வேறு இடமில்லை.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். கட்டி முடித்ததும் பயிற்சி நிலையம் எதற்கும் குத்தகைக்கு விட்டுவிடாதீர்கள். முன்பு நாங்கள் குடியிருந்த பகுதியில் பொதுத்திடலில் ஷட்டில் கோர்ட் கட்டினார்கள். ஒரே வருடத்தில் கேட்டில் பூட்டுத் தொங்கியது, மாதப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் சாவி. என் மகன் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவான். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. காவலாளியிடம் ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு மணி நேரம், பள்ளி விட்டதும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு. இவ்வளவு போதும்.

நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் விளக்கு வெளிச்சத்தையும் மழைநீரையும் பற்றிக் கவலைப்படுகிறார்கள், நியாயம்தான். இரவு எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடலாம். தரையைப் பத்தடிக்கு ஓர் அங்குலம் ஒரே பக்கமாகச் சரித்து, வழியும் தண்ணீரை உறிஞ்சு குழிக்குள் விட்டால் ஐப்பசி மழையில் வாசலில் தேங்காது.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு நாடாவும் கோலமாவுமாக நீரூற்றுப் பக்கம் இருப்பேன். மூன்று கிரவுண்டையும் தரையில் கோடு போட்டுக் காட்டுகிறேன். நீங்களும் வாருங்கள், எந்த மரத்திலும் கோடு படவில்லை என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
பூங்காவுக்கு எதிர்த் தெருவில் குடியிருப்பவன்