நமது குடியிருப்போர் நலச் சங்கம், தென்காசி: 2024–25 செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, வாறுகால் அடைப்பு, குடிநீர் வரும் நேரம் ஆகியவை பற்றி நகராட்சிக்கு மனு கொடுத்தோம். விளக்குகள் எரிகின்றன. வாறுகால் வேலை பாதியில் நிற்கிறது, தொடர்ந்து கேட்டு வருகிறோம். பொங்கல் கோலப்போட்டி சிறப்பாக நடந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு நம் அஞ்சலி.

அறிக்கையின் மீதிப் பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியது: மாற்றுத்திறனாளிகளுக்காக நாம் செய்த வேலை. இந்த ஆண்டு நம் சங்கத்தின் நேரமும் பணமும் அதற்குத்தான் அதிகம் போனது. அப்படிப் போனதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சென்ற செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் வெண்கலம் வென்றார். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது காலின் கீழ்ப்பகுதி சிதைந்த பையன். காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவருடைய அம்மா. 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. பாரிஸில் 1.85 மீட்டர். டோக்கியோவில் மழை பெய்து, பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துபோனதால் கடைசித் தாண்டல்கள் சரியாக அமையவில்லை என்று அவரே சொன்னார். இதையெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால்தான், மாதக் கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி ஓர் உறுப்பினர் பேசுவது என்று முடிவு செய்தோம்.

அதே பாரிஸில் பாட்மின்டனில் மூன்று தமிழகப் பெண்கள் பதக்கம் வென்றார்கள். துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனிஷா ராமதாஸுக்கும் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். துளசிமதியும் மனிஷாவும் அரையிறுதியில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. துளசிமதி கால்நடை மருத்துவம் படிக்கிறார் என்று கேட்டதும், கூட்டத்துக்கு வந்திருந்த பிளஸ் டூ பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூவருக்குமே அர்ஜுனா விருது அறிவிக்கப்பட்ட செய்தி ஜனவரியில் வந்தபோது, அந்தப் பிள்ளைகள்தான் அதை நம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள்.

டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிய பேச்சு பலருக்குப் புதிது. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தவர். 1954இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அங்கே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது அவருடைய முயற்சியால். தனக்கு நேர்ந்தது நாளை இன்னொருவருக்கு நேரும்போது அவர் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே என்று நினைத்தவர். என் மனசுக்கு மிகவும் நெருக்கமானவர் இவர்தான்.

இந்தப் பேச்சுகள் இரண்டு மூன்று முடிந்தபோது ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் நம் டைலர் அண்ணாச்சி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்தவர். இத்தனை வருடமாக நம் தெருவுக்குப் பள்ளிச் சீருடை தைப்பவர். அன்று மண்டப வாசலில், தன் சக்கர நாற்காலியில் வெளியே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும், “எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க. நான் உள்ள வந்து உக்காந்து கேக்கணும்னா எப்படி வரணும்?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, விவரம் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் தலைவர் எழுந்து, அடுத்த செயற்குழுவில் முதல் பொருள் இதுதான் என்று அறிவித்தார்.

ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒரு பத்திரிகையாளர் இருந்தார். பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோய் உள்ளவர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2014இல் ஒரு மேடையில் பேசும்போது, படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாக மாறிவிடாது என்றார். நாங்கள் சாதாரணமாக வாழ்வதையே ஏன் வியக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. அவர் சொன்னதும் அண்ணாச்சி கேட்டதும் ஒன்றுதான். நான் சொல்ல நினைப்பது இவ்வளவே: மாரியப்பனுக்குப் பெங்களூருவில் சத்யநாராயணா என்றொரு பயிற்சியாளர் கிடைத்தார். மேரி வர்கீஸுக்குச் சொல்லிக்கொடுக்க பால் பிராண்ட் இருந்தார். அவர்களுடைய உறுதி பெரியது, சந்தேகமே இல்லை. அந்த உறுதிக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டவர்களும் இருந்தார்கள். நாம் அவர்களிடமிருந்து ஊக்கம் பெற்றோம் என்றால், அந்த இரண்டாவது ஆட்களின் வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலையை நன்றாகச் செய்யும் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கு உறுப்பினர்கள் குடும்பத்தோடு ஒருநாள் போய்வந்தோம். அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் ஆய்க்குடிக்காரர். பொறியியல் மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரு போனார். அங்கே உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரை வைத்து, ஊர் திரும்பி 1981இல் இந்த அமைப்பைத் தொடங்கினார். 1992இல் சேர்ந்த எஸ். சங்கரராமன் தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர். இருவரும் சக்கர நாற்காலியிலிருந்தே இதை இவ்வளவு பெரிதாக வளர்த்திருக்கிறார்கள். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கிராமம் கிராமமாகப் பணியாளர்களை அனுப்பி, வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதைக் கேட்ட நம் உறுப்பினர் ஒருவர், தன் பேத்தி இன்னும் நடக்கவில்லையே என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த கவலையை அன்றுதான் வெளியே சொன்னார். இப்போது அந்தக் குழந்தைக்குப் பயிற்சி நடக்கிறது. இந்த ஆண்டு நாம் செய்த செலவிலேயே ஆகப் பயனுள்ளது அந்த வேன் வாடகைதான் என்பேன்.

சரி, சாய்தளத்துக்கு வருகிறேன். நம் மண்டபத்தின் திண்ணை ஒன்றரை அடி உயரம். மேஸ்திரி முதலில் ஐந்து அடி நீளத்துக்குக் கோடு போட்டார். ஸ்கூட்டர் ஏற்ற அது போதும். கையால் தள்ளும் சக்கர நாற்காலிக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று அண்ணாச்சி அங்கேயே டேப்பை வைத்து அளந்து காட்டினார். அப்படியானால் பதினெட்டு அடி. முன்வாசலில் நேராக அவ்வளவு இடமில்லை. நடுவில் சதுரமான ஒரு மேடை வைத்து, பக்கவாட்டில் திருப்பிக் கட்டினோம். இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய், சக்கரம் நழுவாமல் ஓரத்தில் சின்னக் கட்டை, தரை வழுக்காமல் சொரசொரப்பான பூச்சு. செம்பருத்திச் செடிகளை எடுக்க வேண்டியிருந்ததால் சிலருக்கு வருத்தம். அவற்றை மேற்குச் சுவரோரம் நட்டுவிட்டோம், துளிர்த்துவிட்டன. கழிப்பறைக் கதவையும் அகலமாக்கி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். இன்று மூட்டுவலிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் படியை விட்டுவிட்டுச் சாய்தளத்தில்தான் ஏறி வருகிறார்கள்.

படிப்பறைக் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை ஏற்றியிருக்கிறோம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும், தமிழும் படிக்கும். இதற்கு விலை கிடையாது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும், காசுள்ளவர்களுக்கு மட்டும் கிடைத்துவந்த வசதி எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று 2006இல் தொடங்கியது. நம் தெருவில் பார்வைத்திறன் இல்லாத கல்லூரி மாணவி ஒருத்தி அதில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். சென்னையின் பெனோ செஃபின் இதுபோன்ற மென்பொருளின் துணையோடு படித்து, 2015இல் நாட்டின் முதல் முழுப் பார்வையற்ற வெளியுறவுப் பணி அதிகாரி ஆனார் என்ற பேச்சைக் கேட்டுவிட்டு, அவளே வந்து கேட்டு வாங்கிய வசதி இது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற பிள்ளைகளுக்கு அவள் கணினி சொல்லிக்கொடுக்கிறாள். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே அவள் வேலை செய்யும் வேகத்தை அவசியம் ஒருமுறை வந்து பாருங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. பழைய 1995 சட்டத்தில் இருந்தவை ஏழுதான். இது தெரியாததால் தலசீமியா என்ற ரத்த நோய், பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் வீட்டில்கூட அடையாள அட்டைக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. அதற்கு உதவ, டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி ஒரு முகாம் வைத்தோம். விண்ணப்பிக்கப் போன அலுவலகம் ஒன்றில் மாடிக்கு ஏறப் படி மட்டுமே இருந்தது. அதுபற்றித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது, பதில் வரும்வரை விடப்போவதில்லை.

புதிய செயற்குழுவுக்கு டைலர் அண்ணாச்சி போட்டியின்றித் தேர்வாகியிருக்கிறார். கட்டடப் பராமரிப்பு அவர் பொறுப்பு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழிசெய்யும் மசோதாக்கள் 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறின. விண்ணப்பம் கேட்கும்போது அண்ணாச்சி மனுப் போட வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். ஒன்று, நம் பஸ் நிறுத்தத்தில் மேடையும் சாய்தளமும் அமைக்க நகராட்சியிடம் கேட்பது, தேவையானால் நம் பங்காக ஒரு தொகை தருவது. இரண்டு, காது கேளாத உறுப்பினர்கள் இருவருக்காகப் பொதுக்குழுவுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரை அழைப்பது. இன்று அவர்களுக்கு இந்த அறிக்கையை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறோம்.

சாய்தளத்துக்குச் சிமெண்ட் தந்தவர்களுக்கும், வேன் ஏற்பாடு செய்த இளைஞர்களுக்கும், முகாமில் சமைத்த அக்காமார்களுக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையையும் இரு முன்மொழிவுகளையும் பொதுக்குழு ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்