அறுபடாத போல்ட், உடைந்த கியர் பாக்ஸ்: மட்டை அரைக்கும் மெஷின் பற்றிய புகார்

அனுப்புநர்:
தென்னை விவசாயி,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: டிராக்டரில் மாட்டும் மட்டை அரைக்கும் மெஷினின் கியர் பாக்ஸ் உடைந்தது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். ஒரு மரம் மாதம் ஒரு மட்டை தள்ளினால்கூட வருடத்துக்கு 2,500 மட்டை சேர்ந்துவிடும். குவித்து மக்க விட்டால் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அரைத்து வட்டப்பாத்தியில் பரப்பினால் ஈரம் நிற்கும். மழை குறைந்த எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் அது பெரிய விஷயம். அதற்காகத்தான் நகைக்கடன் வாங்கி 2024 டிசம்பரில் உங்கள் மெஷினை வாங்கினேன்.

அரைப்பில் குறை சொல்ல மாட்டேன். பச்சை மட்டையையும் நன்றாகவே தூளாக்கியது. ஆனால் 41 மணி நேரம்தான் ஓடியது. பிப்ரவரி 3ஆம் தேதி காலையில் இரண்டு அடிமட்டைகள் ஒன்றாகச் சிக்கின. டமார் என்று ஒரு சத்தம். மட்டையை அரைக்கும் ரோட்டர் நின்றுவிட்டது, டிராக்டரிலிருந்து வரும் பி.டி.ஓ. ஷாஃப்ட் மட்டும் சும்மா சுற்றியது. திறந்து பார்த்தால் கியரில் நான்கு பல் உடைந்து எண்ணெய்க்குள் கிடந்தன. ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கும் பாதுகாப்பு போல்ட்டோ, அதாவது ஷியர் போல்ட்டோ, கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது.

இங்கேதான் என் புகார். ஏதாவது சிக்கினால் அந்தச் சின்ன போல்ட் முதலில் அறுந்து கியர் பாக்ஸைக் காப்பாற்ற வேண்டும். அதற்காகத்தான் அது இருக்கிறது. உங்கள் கையேட்டில் 4.6 ரக போல்ட் என்று போட்டிருக்கிறது. கையேடு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது; என் மகள்தான் படித்துச் சொன்னாள். ஆனால் மெஷினோடு மாட்டி வந்த போல்ட்டின் தலையில் 8.8 என்று முத்திரை இருக்கிறது. அது இரண்டு மடங்கு வலுவுள்ள இரும்பு. கியர் பாக்ஸ் உடையும்வரை நான் அதைக் கழற்றியதே இல்லை. உங்கள் ஆள் மாட்டிக் கொடுத்தபடியே இருந்தது.

வந்து பார்த்த உங்கள் சர்வீஸ் பொறியாளர், "ஓவர்லோட் ஆகிவிட்டது, வாரண்டியில் வராது" என்று எழுதிவிட்டுப் போனார். போல்ட்டைக் காட்டியும் அவர் அதைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. புது கியர் பாக்ஸுக்கு 38,400 ரூபாய் கேட்கிறீர்கள். ஓவர்லோட் ஆனபோது அறுபட வேண்டிய போல்ட் ஏன் அறுபடவில்லை என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அப்புறம் இன்னொன்று, இது பணத்தைவிட முக்கியம். பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு மேலே போட வேண்டிய பிளாஸ்டிக் கவசம் வரவே இல்லை. கேட்டதற்கு "ஸ்டாக் வந்ததும் அனுப்புகிறோம்" என்றார் டீலர். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. ஜனவரியில் எங்கள் தோப்பில் வேலை செய்யும் அண்ணனின் தோள் துண்டு அதில் பட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் துண்டு முழுக்க ஷாஃப்டில் சுருண்டுவிட்டது. கழுத்தில் சுற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றே வேலையை நிறுத்தி, இரண்டு நாள் கழித்து நானே பி.வி.சி. குழாயை நெடுக்கப் பிளந்து கட்டி வைத்தேன். அது நான் செய்ய வேண்டிய வேலை இல்லை.

ஆகவே கியர் பாக்ஸை இலவசமாக மாற்றித் தர வேண்டும். சரியான ஷியர் போல்ட்டுகளும் ஷாஃப்ட் கவசமும் உடனே வர வேண்டும். இதே மாடலை வாங்கிய மற்றவர்களின் போல்ட்டையும் ஆள் அனுப்பிப் பாருங்கள். எங்கள் பக்கத்திலேயே இரண்டு தோப்பில் ஓடுகிறது. 15 நாளில் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பாலக்காடு மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

போல்ட் தலை, உடைந்த பல், பில் ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். போல்ட் என்னிடம்தான் இருக்கிறது. பார்க்க வருகிறவர் இங்கேயே பார்க்கலாம், கொடுத்தனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி