ஆறு நாய்களுக்கும் அவற்றின் வீட்டாருக்கும்

அன்புள்ள அண்ணாவுக்கும், ஹன்டர்வில் பக்கத்து மலையில் செம்மறி ஆடு வளர்க்கும் ஐயாவுக்கும் அம்மாவுக்கும், பூட்ஸ் கொடுத்து அனுப்பிய அக்காவுக்கும்,

ஒரு வார இறுதியில் என்னைத் தங்கவைத்ததற்கு நன்றி சொல்லிப் பண்ணை வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தனியாகப் போட்டுவிட்டேன். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியிருந்ததில் பாதி அதில் வரவில்லை, தமிழில்தான் வருகிறது. ஊரைவிட்டுப் படிக்க வந்து ஒற்றை அறையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் யாராவது படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். மனிதர்களின் பெயர் வேண்டாம் என்று ஐயா கேட்டுக்கொண்டார். நாய்களின் பெயரைத் தாராளமாகப் போடு என்றார்.

நான் நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த்தில், மாஸி பல்கலைக்கழகத்தில் மண்ணியல் ஆராய்ச்சி மாணவன். போன ஏப்ரலில் எங்கள் வீட்டு நாய் மணி செத்துப்போனது. திருப்புவனம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பதினோரு வருடம் அந்த வாசலில் கிடந்த நாய். எனக்கு ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்ததால் என் அம்மா பத்து நாள் கழித்துத்தான் போனில் சொன்னார். அழ வேண்டிய நாள் எனக்குத் தெரியாமலே கடந்து போயிருந்தது. சரி, வேலையைப் பார்ப்போம் என்று ஆய்வகத்துக்குப் போனேன். மண்ணைச் சலித்துக்கொண்டே இருந்தேன். எடையைக் குறித்துவைக்கத் தோன்றவில்லை. ஒரு நாய்க்காகவா இப்படி என்று கேட்டுவிடுவார்களோ என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அண்ணா, நீங்கள் வவுனியாவிலிருந்து வந்தவர். பண்ணை நாய்களின் மூட்டு வலியை ஆராய்பவர். தேநீர் ஊற்றிக்கொண்டே என்னிடமிருந்து விஷயத்தை வாங்கிவிட்டீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "தம்பி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிக்கிட்டு நில்லும். என்னோட ஓரிடத்துக்கு வாரும்" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குத்தான் முதல் நன்றி.

அக்கா, என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்ததும் உள்ளே போய் உங்கள் வீட்டுக்காரரின் ரெட் பேண்ட் ரப்பர் பூட்ஸையும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையையும் எடுத்து வந்தீர்களே, சனிக்கிழமை முழுவதும் முழங்கால் வரை சேற்றில் நின்றபோது உங்களைத்தான் நினைத்தேன்.

ஃபீல்டிங் வழியாகப் போனால் ஹன்டர்வில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சிறிய ஊர். ஊருக்குள் ஒரு நாய்க்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஹன்டவே என்ற இனம் அது; இந்த நாட்டில், இந்த மலைகளுக்காகவே உருவானது. நூறு வருடத்துக்கும் மேலாக மந்தைகளை ஓட்டிவந்த அந்த இனத்தை நியூசிலாந்து கென்னல் கிளப் முறைப்படி ஏற்றுக்கொண்டது 2013ல்தான். அழகு பார்த்து வளர்த்த இனம் இல்லை அது. கறுப்பு, பழுப்பு, வரி போட்டது என்று எந்த நிறத்திலும் வரும். குரலும் உடம்பும் வேலைக்கு ஆகுமா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

பண்ணையில் மொத்தம் ஆறு நாய்கள். மெக், ராய் இரண்டும் ஹெடிங் நாய்கள். ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்து கோலியின் வழியில் வந்தவை. பாஸ், டியூக், ஜெட் மூன்றும் ஹன்டவே. ஆறாவது ஃப்ளாஸ், பன்னிரண்டு வயதுக் கிழவி.

எங்கள் பக்கத்தில் கீதாரிகள் கிடை போடும்போது கூடவே நாய் வரும். அது ராக்காவலுக்கு. நரியும் திருடனும் அண்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆட்டை ஓட்டுவது கீதாரியின் கம்பும் வாயும்தான். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு சனிக்கிழமைக் காலையில் கண்டது புதிது. பனிமூட்டத்தில் எதிர் மலையே தெரியவில்லை. ஐயா வாயில் விசிலை வைத்து ஒரு நீண்ட ஒலி கொடுத்தார். மெக் என் காலடியிலிருந்து கிளம்பி மறைந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஹெடிங் நாய் குரைக்காது. மந்தையைச் சுற்றிப் போய் எதிரே நின்று, உடம்பைத் தாழ்த்தி, கண்ணாலேயே பிடித்து, மேய்ப்பரிடம் கொண்டுவரும். கால் மணி நேரம் கழித்து மூட்டம் விலகியபோது நானூறு ஆடுகள் சரிவில் ஒற்றை வெள்ளைக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி.

ஹன்டவேயின் வேலை அதற்கு நேர்மாறு. பின்னால் நின்று குரைத்து, ஆடுகளை முன்னே தள்ள வேண்டும். ஆடு அடைப்பில் பாஸ் குரைத்தபோது அந்த அதிர்வு என் நெஞ்சுக்குள் கேட்டது. கோபமாக இருக்கிறதோ என்று பயந்து நின்றேன். "பயப்பட வேண்டாம் தம்பி, வாலைப் பாரும்" என்றீர்கள் அண்ணா. வால் ஆடிக்கொண்டே இருந்தது. கடிக்கிற நாயை இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தச் சரிவுகள் களிக்கல்லால் ஆனவை. பாப்பா என்று சொல்கிறார்கள். மழையில் சோப்பு மாதிரி வழுக்கும். மண்ணைப் படிக்கிறவன் என்பதால் அது சரிகிற விதம் எனக்குத் தெரியும். நாய் இல்லாமல் அந்த மலையில் ஆடு வளர்க்கவே முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது.

இந்த நாட்டில் 1982ல் ஏழு கோடி செம்மறி ஆடுகள் இருந்தனவாம். இன்று இரண்டரைக் கோடிக்கும் குறைவு. பக்கத்து மலை ஒன்று பைன் காடாகிவிட்டதை ஐயா கையை நீட்டிக் காட்டினார். அங்கே இருந்த நாய்கள் எங்கே போயின என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாய்களை வீட்டுக்கு வெளியே, கம்பி வலை போட்ட கூண்டு வரிசையில் அடைத்து வைத்திருந்ததை முதல் நாள் இரவு பார்த்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது அப்படி நினைக்கவில்லை. கூண்டுகள் தரையைவிட்டு உயர்ந்து, காற்றுக்கு முதுகு காட்டி, காய்ந்த படுக்கையோடு இருந்தன. பகல் முழுவதும் மலையில் ஓடிய நாய் அதற்குள் நுழைந்ததும் சுருண்டு தூங்கியது. எத்தனையோ வீடுகளில் சங்கிலியிலேயே ஆயுளைக் கழிக்கும் நாய்களைப் பார்த்தவன் நான். இதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அம்மா, சாப்பாடு வைக்கும் வேலையை முதல் நாளே என்னிடம் கொடுத்தீர்கள். விருந்தாளிக்கு எதற்கு வேலை என்று விட்டிருந்தால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பழையபடி ஆகியிருப்பேன். மாலையில் ஒரே வேளை. ஓடி முடித்து மூச்சு இறங்கிய பிறகுதான், ஏனென்றால் நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளக்கூடும். ஆட்டிறைச்சி என்றால் மைனஸ் 10 டிகிரியிலோ அதற்கும் கீழோ பத்து நாள் உறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாக வெந்திருக்க வேண்டும். அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடவே கூடாது. நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவே சுற்றும் நாடாப்புழுவை அப்படித்தான் தடுக்கிறார்கள். மனிதருக்குள் நீர்க்கட்டியாக வளரும் ஹைடாட்டிட் நோயை இந்த நாடு பல பத்தாண்டு உழைத்து ஒழித்து, 2002ல் தற்காலிகமாக விடுபட்டதாக அறிவித்தது. நீங்கள் சிறுமியாக இருந்தபோது உங்கள் அத்தைக்கு அந்தக் கட்டிக்காக அறுவை நடந்தது என்று சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகு ஒவ்வொரு தட்டையும் இரண்டு முறை பார்த்து வைத்தேன்.

ஃப்ளாஸ் பற்றி எழுதாமல் முடியாது. அதற்கு இப்போது மலையில் வேலை இல்லை, இடுப்பு பிடித்துவிட்டது. ஆனால் காலையில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் வந்து சாமான் ஏற்றும் பின் தட்டின் கீழே நின்று மேலே பார்க்கிறது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைக்கிறது, பின்னங்கால் வருவதில்லை. ஐயா, நீங்கள் இறங்கி வந்து, ஒரு கையை வயிற்றுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்து அதைத் தூக்கி ஏற்றினீர்கள். எந்த வேலையும் இல்லாத நாயைத் தினமும் மலைக்குக் கூட்டிப் போய், தட்டிலேயே உட்கார வைத்துத் திரும்பக் கூட்டி வருகிறீர்கள். ஞாயிறு காலை "இன்றைக்கு நீ தூக்கு" என்றீர்கள். அதன் நெஞ்சு என் கையில் துடித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. நீங்கள் திரும்பி நின்று கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நெடுநேரம் கட்டினீர்கள்.

அன்று தேநீர் இடைவேளையில் மெக்ரோகார்ப்பா மரங்களின் கீழே கூட்டிப் போனீர்கள். உங்கள் நாய்கள் புதைந்த இடம். கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் வரிசையாக நின்று, இது இன்ன நாய், செங்குத்துப் பாறையில் கெட்டிக்காரி, இடியென்றால் ஓடிவிடுவாள். இது இன்னது, குட்டி ஆட்டிடம் தாய் மாதிரி, ஆனால் விசில் காதில் ஏறாது என்று ஒவ்வொன்றின் திறமையையும் குறையையும் சொன்னீர்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "உன் நாய் எதில் கெட்டிக்காரன்? எதில் மோசம்?" என்று கேட்டீர்கள்.

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அப்பாவின் டிவிஎஸ் 50 மெயின் ரோட்டில் திரும்பும்போதே அதன் சத்தம் மட்டும் மணிக்குத் தனியாகத் தெரியும். எழுந்து தெருமுனைக்குப் போய் நிற்கும் என்றேன். அடை வைத்த முட்டையைக் குடித்துவிடும் என்றேன். நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டீர்கள். அந்த வரிசையில் மணிக்கும் ஓர் இடம் கிடைத்த மாதிரி இருந்தது. அந்தக் கேள்விக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஈனும் பருவத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டாயம் வருவேன். அக்கா, பூட்ஸைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். அதுவரை என்னிடம் இருக்கட்டுமா? கம்பளி வெட்டும் கொட்டகைச் சுவரில் மாட்ட மணியின் படம் ஒன்று வேண்டும் என்று ஐயா கேட்டிருந்தார். அப்பாவின் வண்டிக்குப் பக்கத்தில் அது நிற்கும் படத்தை என் அம்மா நேற்று அனுப்பினார். அச்செடுத்துவிட்டேன். திங்கட்கிழமை தபாலில் வரும்.

அன்புடன்,
ஃப்ளாஸைத் தூக்கி ஏற்றிய மாணவன்